பிழை பொறுக்கும் ஒளியியல்: சுழலாடியின் வரலாறு, 1834 முதல் லேசர் காலம் வரை

ஆய்வுச் சுருக்கம்

சுழலும் ஆடியைக் கொண்டு ஒளிக்கற்றையின் பாதையை மாற்றும் முறை, லேசர் தோன்றுவதற்கு 126 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வகத்தில் இடம்பெற்றுவிட்டது. ஒளியின் வேகத்தை அளக்கப் பயன்பட்ட அக்கருவி, பின்னர் லேசரைத் துடிப்பாக வெளியிடவும், தாளில் வரி வரியாக எழுதவும், நிலவுக்கு அனுப்பிய ஒளியையும் அங்கிருந்து திரும்பிய ஒளியையும் வெவ்வேறு பாதைகளில் பிரிக்கவும் பயன்பட்டது. இவ்வளர்ச்சியை ஆடியின் வேகமும் செய்நேர்த்தியும் படிப்படியாக உயர்ந்த கதையாகக் கூறுவது எளிது. ஆனால் சான்றுகள் அதற்கு முழுமையாக இடந்தரவில்லை. ஆடியின் சுழல்வேகம் ஏறத்தாழ ஒரே வரம்பிற்குள் நின்றிருக்க, ஆடியால் தாங்க இயலாத துல்லியச் சுமையை அதைச் சுற்றியிருந்த ஒளியியல் அமைப்பு ஏற்றுக்கொண்டதே பெரும் முன்னேற்றங்களுக்கு வழிவகுத்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சுழலாடி, பன்முக ஆடி, ஒளியின் வேகம், லேசர், கியூ நிலைமாற்றம், உருளை வில்லை, அறிவியல் கருவிகளின் வரலாறு

1. முன்னுரை

லேசரின் வரலாறு பெரும்பாலும் ஒளிமூலத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தூண்டல் உமிழ்வு பற்றிய ஐன்ஸ்டைனின் 1917ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் தொடங்கி, 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் மாணிக்கக்கல் லேசரை இயக்கிக் காட்டியது வழியாக, வளிம லேசர், குறைகடத்தி லேசர் என அவ்வரலாறு விரிகிறது. இவ்வாறு எழுதுவதில் தவறில்லை. எனினும் லேசர் ஒரு பயன்பாட்டுக் கருவியாக மாறிய இடங்களை நோக்கினால் வேறொரு பொருள் கண்ணில் படும். நிலையாக ஒரு திசையில் பாயும் கற்றையால் ஒரு பக்கத்தை அச்சிட இயலாது. பொருளின் மேலுள்ள பட்டைக்குறியீட்டைப் படிக்க இயலாது. ஒரே கற்றையைப் பல பணிமேடைகளுக்கு மாற்றி மாற்றி வழங்கவும் இயலாது. இவை அனைத்திற்கும் கற்றையின் பாதை மாற வேண்டும். அம்மாற்றத்தைச் செய்த கருவிகளுள் மிகப் பழையதும் மிக எளியதும் சுழலாடியே ஆகும்.

சுழலாடியின் இயக்கம் ஒற்றை விதியில் அடங்கும். ஆடி ஒரு கோணம் திரும்பினால், அதிலிருந்து எதிரொளிக்கும் கற்றை அதன் இரு மடங்கு கோணம் திரும்பும். இவ்விதி ஆடிக்கு வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே தருகிறது. சிறு அசைவு பெரும் விலக்கமாகிறது என்பது வலிமை. அச்சின் நடுக்கமும் முகத்தின் சாய்வும் அவ்வாறே இரு மடங்காகித் திரையில் விழும் என்பது வலுவின்மை. இவ்வலுவின்மையை வெவ்வேறு காலத்தவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். 1834 முதல் அண்மைக்காலம் வரையிலான ஆறு நிகழ்வுகள் இதற்காகத் தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளன. இவற்றுள் முதல் நான்கும் லேசருக்கு முற்பட்டவையோ லேசரின் தொடக்க ஆண்டுகளைச் சார்ந்தவையோ ஆகும். இறுதி இரண்டும் லேசர் கற்றையின் பாதையை மாற்றுவதையே நோக்கமாகக் கொண்டவை.

2. காலத்தைக் கோணமாக்குதல்: வீட்ஸ்டன்

இசைக்கருவி செய்வோர் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் வீட்ஸ்டன், கம்பியில் மின்சாரம் செல்லும் வேகத்தை அளக்க முயன்று, அதன் முடிவை 1834இல் வெளியிட்டார். ஏறத்தாழ அரை மைல் நீளமுள்ள கம்பியின் இரு முனைகளிலும் நடுவிலும் பொறி பறக்கும் இடைவெளிகளை அமைத்து, மூன்றையும் அருகருகே ஒரே வரிசையில் வைத்தார். மின்னிறக்கத்தின்போது மூன்று பொறிகளும் ஒரே கணத்தில் தோன்றுவதாகவே வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஆனால் நொடிக்கு 800 முறை சுழலும் சிறு ஆடியில் அவற்றின் பிம்பத்தை நோக்கியபோது, நடுப்பொறி மற்ற இரண்டிலிருந்தும் சற்று விலகித் தோன்றியது. மின்சாரம் நடுவிடத்தை அடைவதற்குள் ஆடி சிறிது திரும்பிவிட்டது என்பதே அதன் பொருள்.

அவ்விலக்கத்தை அரைப் பாகை என்று கொண்டார் வீட்ஸ்டன். பிம்பம் அரைப் பாகை விலக ஆடி கால் பாகை திரும்பியிருக்க வேண்டும். நொடிக்கு 800 சுற்று எனில் அதற்கான காலம் நொடியின் 11,52,000இல் ஒரு பங்கு. அக்காலத்தில் கால் மைல் கடந்தது என்றால் வேகம் நொடிக்கு 2,88,000 மைல் ஆகிறது. ஒளியின் வேகத்தையே விஞ்சும் இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. ஆனால் முடிவின் பிழை முறையின் பிழையாகாது. காலத்தைக் கோணமாகவும், கோணத்தைக் கண்ணால் காணத்தக்க இடைவெளியாகவும் மாற்றலாம் என்பது அன்று நிறுவப்பட்டது. கண்மதிப்பீட்டை நம்பியதே இதன் குறை. ஆடி போதிய வேகத்தில் சுழன்றது. அது காட்டியதை உறுதியாகப் படிக்கும் அமைப்புதான் இல்லை.

3. ஃபூக்கோவின் குழியாடி

வீட்ஸ்டனின் முறையைக் கொண்டு ஒளியின் இயல்பையே தீர்மானிக்கலாம் என 1838இல் முன்மொழிந்தவர் பிரான்சுவா அரகோ. ஒளி துகளாயின் நீரில் விரைந்து செல்ல வேண்டும். அலையாயின் நீரில் தாமதிக்க வேண்டும். காற்றின் வழியாகவும் நீரின் வழியாகவும் வந்த இரு ஒளிக்கீற்றுகளைச் சுழலாடியில் ஒப்பிட்டால் வழக்கு முடிந்துவிடும். கருவிகளைச் செய்ய லூயி பிரெகே முன்வந்தார். ஆயினும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நிறைவேறவில்லை. சுழலும் ஆடியிலிருந்து தெறிக்கும் ஒளி எத்திசையில் பாயும் என்பதை முன்னறிய முடியாது. நோக்குபவரின் கண் நற்பேறாக அத்திசையில் இருந்தால்தான் அதைக் காணலாம். அதற்குள் அரகோவின் கண்பார்வையும் மங்கிவிட்டது.

இச்சிக்கலை 1850இல் லெயோன் ஃபூக்கோ தீர்த்த விதம் இக்கட்டுரையின் வாதத்திற்கு முதற்சான்று. அவர் சுழலாடிக்கு எதிரே ஒரு குழியாடியை நிலையாக நிறுத்தினார். அக்குழியாடியின் வளைவு மையம் சரியாகச் சுழலாடியின் மேல் அமையுமாறு செய்தார். இதனால் சுழலாடி கற்றையைக் குழியாடியின் எந்த இடத்திற்கு அனுப்பினாலும், அது வந்த வழியே சுழலாடிக்குத் திரும்பும். ஆடி மெல்லச் சுழலும்போது, அது எந்தக் கோணத்தில் இருப்பினும் திரும்பிய பிம்பம் தொடங்கிய இடத்திலேயே அசையாது நிற்கும். ஆடி விரைந்து சுழலும்போது, ஒளி சென்று மீளும் இடைவெளியில் ஆடி திரும்பிய சிறு கோணம் மட்டுமே பிம்பத்தை விலக்கும். ஆடியின் கோணம் என்ற அறிய முடியாத அளவு கணக்கிலிருந்தே நீங்கிவிட்டது. அறிய வேண்டிய கால இடைவெளி மட்டும் எஞ்சியது.

ஒளி நீரில் மெதுவாகவே செல்கிறது என்று அவ்வாண்டு மே மாதத்தில் பாரிஸ் அறிவியல் கழகத்திற்கு அறிவிக்கப்பட்டது. 1862இல் அதே அமைப்பை விரிவாக்கி, ஐந்து குழியாடிகளைக் கொண்டு 20 மீட்டர் பாதையை ஒரே அறைக்குள் மடித்து அமைத்தார் ஃபூக்கோ. சென்று திரும்ப 40 மீட்டர். பிம்பத்தின் விலக்கம் 0.7 மில்லிமீட்டர்; பெறப்பட்ட வேகம் நொடிக்கு 2,98,000 கிலோமீட்டர். இங்கு ஆடியின் வேகம் மாறாதிருப்பது இன்றியமையாதது. அதற்காகக் காற்று விசையாழிக்குச் சீரான அழுத்தம் தரும் துருத்தியைச் செய்து தந்தவர், தேவாலயங்களின் குழலிசைக் கருவிகளை உருவாக்குவதில் புகழ்பெற்ற கவாயே-கோல். 400 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று நொடிக்கு ஒரு முறை கடிகாரப் பொறியால் சுழல, அதன் பற்கள் சுழலாடியின் ஒளித்துடிப்பில் அசையாது தோன்றினால் ஆடி சரியாக நொடிக்கு 400 முறை சுழல்கிறது என்பது உறுதியாகும். வேகத்தை அளப்பதும் இவ்வாறு கண்மதிப்பீட்டிலிருந்து விடுபட்டது.

4. மைக்கெல்சனின் எண்கோண ஆடி

ஃபூக்கோவின் 0.7 மில்லிமீட்டர் விலக்கத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் முடிவைப் பாதிக்கும். ஆல்பர்ட் மைக்கெல்சன் 1879இல் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் அமைந்த அனாபொலிசில், பாதையை ஏறத்தாழ 600 மீட்டராக நீட்டியும் நெடுங்குவியத் தூர வில்லை ஒன்றை இடையில் நிறுத்தியும் விலக்கத்தை 133 மில்லிமீட்டராகப் பெருக்கினார். அவர் பெற்ற மதிப்பு நொடிக்கு 2,99,910 கிலோமீட்டர்.

இதனினும் நுட்பமானது அவர் 1920களில் கைக்கொண்ட முறை. கலிஃபோர்னியாவின் வில்சன் மலைக்கும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சான் அன்டோனியோ மலைக்கும் இடையே ஒளியை அனுப்பி மீட்டார். இம்முறை சுழன்றது ஒற்றை முகமுடைய ஆடியன்று. எட்டு முகங்கள் கொண்ட ஆடி. ஒரு முகத்தில் பட்டுச் சென்ற ஒளி திரும்புவதற்குள் ஆடி சரியாக எட்டில் ஒரு பங்கு திரும்பினால், அடுத்த முகம் முந்தைய முகத்தின் இடத்தில் வந்து நிற்கும். பிம்பம் ஆடி அசையாதிருந்தால் தோன்றும் அதே இடத்தில் தோன்றும். நொடிக்கு 528 சுற்றுகளில் இது நிகழ்ந்தது. எட்டில் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் நொடியின் 4,224இல் ஒரு பங்கு. அக்காலத்தில் ஒளி 70 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவைக் கடந்தது. 1926இல் வெளியான முடிவு நொடிக்கு 2,99,796 கிலோமீட்டர். 1983இல் வரையறையாக நிலைநிறுத்தப்பட்ட மதிப்பான 2,99,792.458 கிலோமீட்டருக்கு இது மிக அருகில் உள்ளது.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் கருத வேண்டும். பெரிய கோணத்தை அளக்கும் சுமை முற்றாக நீங்கி, சுற்றுகளை எண்ணும் சுமையாக மாறியது. கோணத்தை அளப்பதைவிட எண்ணுவது எளிது. ஒத்திசைக்கவை அதிர்வோடு சுழல்வேகத்தை ஒப்பிட்டும், அதிர்வை ஊசல் கடிகாரத்தோடு ஒப்பிட்டும் எண்ணிக்கை உறுதி செய்யப்பட்டது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எட்டு முகங்களும் ஒன்றோடொன்று சரியாக 45 பாகையில் அமைய வேண்டும். ஒற்றை ஆடிக்கு இல்லாத ஒரு புதிய பிழை, முகத்திற்கு முகம் வேறுபடும் பிழை, பன்முக ஆடியோடு பிறந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இப்பிழையே மையச் சிக்கலாக வளர்ந்தது.

5. பிழையே பயனாதல்: வெய்லரின் ஆடி உருளை

முகங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருப்பது எப்போதும் குறையாகக் கருதப்படவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. பிரெஞ்சுப் பொறியாளர் லசார் வெய்லர் 1889இல் படங்களைத் தொலைவுக்கு அனுப்பும் திட்டமொன்றில், சுற்றிலும் ஆடிகள் பதித்த உருளையை முன்மொழிந்தார். ஒவ்வோர் ஆடியும் அச்சுக்கு முந்தையதைவிடச் சிறிது கூடுதலாகச் சாய்ந்திருக்கும். உருளை ஒரு முறை சுழன்றால் ஒவ்வொரு முகமும் ஒரு வரியை வரையும். அவ்வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து முழுப் படமாகும். மைக்கெல்சனின் ஆடியில் தவிர்க்க வேண்டிய சாய்வு, வெய்லரின் உருளையில் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. பின்னாளில் கடைகளில் பட்டைக்குறியீட்டைப் படித்த லேசர் கருவிகள் சிலவற்றிலும் இவ்வாறே முகங்கள் வேண்டுமென்றே வெவ்வேறு கோணங்களில் சாய்க்கப்பட்டன. பொருளை எப்படிப் பிடித்தாலும் ஏதேனும் ஒரு வரி குறியீட்டைக் கடந்துவிடும் என்பதே அதன் நோக்கம்.

1930களில் இலண்டனின் ஸ்கோஃபனி நிறுவனம் சுழலாடியைக் கொண்டே பெருந்திரைத் தொலைக்காட்சியை அமைத்தது. அக்காலப் பிரித்தானிய ஒளிபரப்பில் ஒரு படத்திற்கு 405 வரிகள், நொடிக்கு 25 படங்கள்; ஆகவே நொடிக்கு 10,125 வரிகள். 20 முகங்கள் கொண்ட ஆடி எனில் நொடிக்கு ஏறத்தாழ 506 சுற்றுகள் தேவை. இவ்வெண்ணை முந்தைய எண்களோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். வீட்ஸ்டன் 800, ஃபூக்கோ 1862இல் 400, மைக்கெல்சன் 528, ஸ்கோஃபனி 506. நூறாண்டுகளில் ஆடியின் வேகம் உயரவே இல்லை. சுழற்சியின் விளைவாக ஆடியைப் பிளக்கும் விசை வேகத்தின் இருமடியாக வளர்வதும், தாங்கிகள் சூடாவதும் இதற்குக் காரணங்கள். ஹீலியம் வளிமத்தில் மிகச் சிறிய ஆடிகளைச் சுழற்றும் அதிவேகப் படக்கருவிகள் இவ்வரம்பைப் பன்மடங்கு கடந்தன என்பது உண்மையே. ஆனால் அவை மிகக் குறுகிய நேரம் இயங்கும் தனித்தேவைக் கருவிகள். நாள்தோறும் இயங்க வேண்டிய கருவிகளின் வரம்பு நொடிக்குச் சில நூறு சுற்றுகளாகவே நின்றது.

6. லேசரின் உள்ளே ஒரு வாயில்

மைமனின் மாணிக்கக்கல் லேசர் சீரற்ற சிறு துடிப்புகளின் தொகுதியையே வெளியிட்டது. கல்லில் ஆற்றல் சேரச் சேர அது உடனுக்குடன் கசிந்துவிடும். இரு முனை ஆடிகளுள் ஒன்றைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்து, ஆற்றல் முழுதும் சேர்ந்தபின் திடீரெனச் செயற்படச் செய்தால், அது ஒரே பெருந்துடிப்பாக வெளிப்படும் என 1961இல் ராபர்ட் ஹெல்வார்த் முன்மொழிந்தார். 1962இல் அவரும் மக்லங்கும் மின்புலத்தால் இயங்கும் கெர் கலத்தைக் கொண்டு இதை மெய்ப்பித்தனர். கியூ நிலைமாற்றம் என்று இது வழங்கப்படுகிறது.

மின்புல முறைக்குப் பக்கத்திலேயே எளிய இயந்திர முறையும் வளர்ந்தது. முனை ஆடிகளுள் ஒன்றைச் சுழற்றிவிடுவதே அது. ஒரு சுற்றில் ஒரு கணம் மட்டும் இரு ஆடிகளும் எதிரெதிரே சரியாக நிற்கும். மற்ற நேரமெல்லாம் வாயில் மூடியிருக்கும். நிமிடத்திற்கு 24,000, அதாவது நொடிக்கு 400 சுற்றுகள் என்று கொண்டால், ஒரு மில்லிரேடியன் கோணத்தைக் கடக்க ஆகும் காலம் மைக்ரோநொடியில் ஐந்தில் இரண்டு பங்கு. வாயில் திறந்திருக்கும் நேரம் இத்தகைய அளவினது. ஃபூக்கோவின் விசையாழி எட்டிய வேகமே இதற்கும் போதுமானதாக இருந்தது.

இங்கும் ஆடியின் பிழை பொறுக்கப்பட்ட விதம் நோக்கத்தக்கது. சுழலும் தட்டை ஆடியின் அச்சு சிறிது நடுங்கினாலும், திறக்க வேண்டிய கணத்தில் ஆடி மேலோ கீழோ சாய்ந்து நிற்கும், லேசர் வலுவிழக்கும். ஆகவே தட்டை ஆடிக்கு மாற்றாகக் கூரை வடிவப் பட்டகம் பயன்படுத்தப்பட்டது. இரு எதிரொளிப்பு முகங்கள் செங்கோணத்தில் கூடும் அப்பட்டகம், தன் கூரை விளிம்புக்குச் செங்குத்தான தளத்தில் வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பும். விளிம்பைச் சுழலச்சுக்குச் செங்குத்தாக அமைத்தால், அச்சின் நடுக்கம் தீங்கற்றதாகிறது. சுழற்சியின் திசையில் மட்டும் பட்டகம் சாதாரண ஆடியாக நின்று வாயிலைத் திறந்து மூடுகிறது. ஒரு திசையில் மன்னித்து மறு திசையில் கண்டிப்புக் காட்டும் அமைப்பு இது.

காலப்பொருத்தமும் இவ்வாறே தலைகீழாக்கப்பட்டது. விளக்கு ஒளிர்ந்து கல்லில் ஆற்றல் உச்சமடையும் கணத்தில் ஆடி எதிர்நிலைக்கு வர வேண்டும். சுழலும் பொருளை அக்கணத்திற்கு வரவழைப்பது அரிது. எனவே சுழலும் அச்சிலிருந்தே ஒரு குறிப்பைப் பெற்று, அக்குறிப்பின்படி விளக்கு ஏற்றப்பட்டது. ஆடி ஆணையிட, ஒளிமூலம் பணிந்தது. பின்னாளில் மின்னொளியியல் கலங்கள் விரைவிலும் ஒழுங்கிலும் இதை விஞ்சின. ஆயினும் உயர் மின்னழுத்தம் வேண்டாத எளிமையால், தொலைவு அளக்கும் கருவிகளில் சுழல் பட்டகம் நெடுங்காலம் நீடித்தது.

7. வரி எழுதும் கற்றை: ஸ்டார்க்வெதரின் உருளை வில்லை

லேசர் கற்றையின் பாதையைச் சுழலாடியால் மாற்றுவது பெருவழக்கானது அச்சுப்பொறியில்தான். செராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் 1960களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டர் ஆய்வகத்தில் இவ்வெண்ணத்தைத் தொடங்கினார். அங்கு அதற்கு ஆதரவு கிட்டாமையால் 1971இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திற்கு மாறினார். லேசர் கற்றை பன்முக ஆடியில் பட்டு, ஒளியுணர் உருளையின் மேல் ஒவ்வொரு முகத்திற்கும் ஒரு வரியாக ஓடும். உருளை மெல்லத் திரும்ப, வரிகள் பக்கமாகும். 1977இல் சந்தைக்கு வந்த செராக்ஸ் 9700 அச்சுப்பொறி நிமிடத்திற்கு 120 பக்கங்களை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் அச்சிட்டது. ஒரு பக்கத்திற்குச் சுமார் 3,000 வரிகள் என்று கொண்டாலும் நொடிக்கு 6,000 வரிகள் ஆகின்றன.

பன்முக ஆடியோடு பிறந்த பிழை இங்கு முழு வடிவம் கொண்டது. அங்குலத்திற்கு 300 வரிகள் எனில் அடுத்தடுத்த வரிகளின் இடைவெளி 0.085 மில்லிமீட்டர். ஒரு முகம் அச்சுக்கு 10 கோண நொடி, அதாவது பாகையின் 360இல் ஒரு பங்கு, சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். கற்றை 20 கோண நொடி விலகும். உருளை அரை மீட்டர் தொலைவில் இருந்தால், வரி ஏறத்தாழ 0.048 மில்லிமீட்டர் இடம் பெயரும். வரி இடைவெளியில் பாதிக்கும் மேற்பட்ட பிழை இது. மேலும் அது ஒவ்வொரு சுற்றிலும் அதே முகத்தில் மீண்டும் மீண்டும் நேர்வதால், பக்கம் முழுதும் சீரான இடைவெளியில் பட்டைகளாகக் கண்ணை உறுத்தும். மைக்கெல்சன் பல அளவீடுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்; எழுதும் கருவிக்குச் சராசரி இல்லை. ஒவ்வொரு வரியும் இறுதியானது.

இரு வழிகள் இருந்தன. முகங்களை ஓரிரு கோண நொடிக்குள் ஒத்திருக்குமாறு செதுக்கி மெருகேற்றுவது ஒன்று. அவ்வாறு செய்த ஆடியின் விலை அச்சுப்பொறியின் விலையையே கட்டுப்படியாகாததாக்கும். மற்றொன்று ஸ்டார்க்வெதர் தேர்ந்த வழி. உருளை வில்லை ஒரு திசையில் மட்டுமே ஒளியைக் குவிக்கும். ஆடிக்கு முன் நிறுத்திய உருளை வில்லை, கற்றையை முகத்தின் மேல் மெல்லிய கோடாகக் குவிக்கிறது. ஆடிக்குப் பின் நிறுத்தியது, அக்கோட்டின் பிம்பத்தை ஒளியுணர் உருளையின் மேல் அமைக்கிறது. முகத்தில் ஒரு புள்ளியிலிருந்து எழும் ஒளி, எத்திசையில் சாய்ந்து எழுந்தாலும், வில்லையால் அதே பிம்பப் புள்ளிக்கே வந்து சேரும். ஆகவே முகத்தின் சாய்வு வரியின் இடத்தை மாற்றாது. வரி ஓடும் திசையில் உருளை வில்லைக்கு ஆற்றல் இல்லாமையால், ஆடியின் சுழற்சி வழக்கம்போல் கற்றையை நகர்த்தும்.

இத்தீர்வை ஃபூக்கோவின் குழியாடியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே தருக்கத்தின் இரு வடிவங்கள் என்பது புலனாகும். இரண்டிலும் சுழலாடி இருக்கும் இடம் ஒரு பிம்ப உறவின் ஒரு முனையாக்கப்படுகிறது. அதனால் ஆடியின் வேண்டாத கோணம் இறுதிப் பிம்பத்திற்குச் சென்று சேர்வதில்லை. ஃபூக்கோ தொடக்கக் கோணத்தை நீக்கினார். ஸ்டார்க்வெதர் சாய்வுக் கோணத்தை நீக்கினார். முன்னவர் அளக்கவும் பின்னவர் எழுதவும் இதைச் செய்தனர். ஸ்டார்க்வெதர் ஃபூக்கோவைப் பின்பற்றினார் என்று இக்கட்டுரை கூறவில்லை. ஒரே கருவியின் ஒரே வலுவின்மை, 120 ஆண்டு இடைவெளியில் ஒரே வகையான விடையை வேண்டி நின்றது என்பதே இங்குக் கூறப்படுவது.

8. நிலவிலிருந்து திரும்பும் ஒளி

பாதை மாற்றம் என்பதை அதன் நேரடிப் பொருளில் காட்டும் கருவி ஒன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அப்பாச்சி பாயின்ட் வானாய்வகத்தில் உள்ளது. அப்போலோ விண்வெளி வீரர்களும் சோவியத் லூனாகோத் ஊர்திகளும் நிலவில் விட்டுவந்த எதிரொளிப்பான்களுக்கு, 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாக நொடிக்கு 20 லேசர் துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. ஒளி சென்று திரும்ப ஏறத்தாழ 2.5 நொடி ஆகும். அனுப்பும்போது கோடிக்கணக்கான கோடி ஒளித்துகள்கள். திரும்பி உணர்வியை அடைபவை துடிப்புக்கு ஒன்றோ சிலவோ மட்டுமே. இரண்டும் ஒரே தொலைநோக்கியின் வழியே செல்கின்றன. அனுப்பும் ஒளி உணர்வியில் பட்டுவிடக் கூடாது. திரும்பும் ஒளி லேசரின் பக்கம் சென்று வீணாகிவிடக் கூடாது.

இதற்கான விடை சுழலும் கண்ணாடித் தட்டு. அதன் ஓரத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் முழுமையாக எதிரொளிக்கும் பூச்சு. எஞ்சிய பகுதிக்கு எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு. தட்டு நொடிக்கு ஏறத்தாழ 20 முறை சுழல்கிறது. எதிரொளிக்கும் பகுதி கற்றையின் பாதையில் வரும் கணத்தில் லேசர் துடித்து, ஒளி தொலைநோக்கிக்குத் திரும்பி நிலவை நோக்கிப் பாய்கிறது. அது திரும்பும்போது தட்டு ஐம்பது சுற்றுகளைக் கடந்திருக்கும். பாதையில் தெளிந்த கண்ணாடியே இருக்கும். ஒளி அதை ஊடுருவி உணர்வியை அடையும். திரும்பும் கணத்தில் எதிரொளிக்கும் பகுதியே குறுக்கே வந்துவிட்டால் அத்துகள்கள் இழப்பாகும். அது நேராதவாறு சுழல்வேகம் அமைய வேண்டும்.

ஒளி புறப்பட்டு மீள்வதற்குள் ஆடி நகர்ந்துவிடுகிறது என்ற உண்மையை 1850இல் ஃபூக்கோ அளவீடாக்கினார். இங்கு அதே உண்மை பாதையைப் பிரிக்கும் வாயிலாகிறது. அவருடைய அறையில் ஒளி சென்ற தொலைவு மீட்டர்களில் அடங்கியதால் ஆடி நொடிக்கு நூற்றுக்கணக்கில் சுழல வேண்டியிருந்தது. நிலவின் தொலைவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் ஆதலால் 20 சுற்றுகளே போதுமாயின. தொலைவை மில்லிமீட்டர் அளவில் அறிய வேண்டும் என்ற கடுமையான நோக்கமுடைய இவ்வாய்வில், தட்டின் சுழற்சிக்கு அத்தகைய துல்லியம் தேவைப்படவில்லை. காலத்தை அளக்கும் சுமை மின்னணுக் கடிகாரத்திற்குச் சென்றுவிட்டது. ஆடியின் கடமை, உரிய நேரத்தில் குறுக்கே நின்று பின் விலகுவது மட்டுமே.

9. கருத்தாடல்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து செய்நேர்த்திக்கு இடமில்லை என்று முடிவு செய்தல் பிழையாகும். ஃபூக்கோவுக்குக் கருவிகள் செய்து தந்த ஃபுரோமானும் துருத்தி அமைத்த கவாயே-கோலும் இன்றி 1862இன் அளவீடு இல்லை. மைக்கெல்சனின் எண்கோண ஆடியில் முகங்களின் கோணங்கள் வியத்தகு நுட்பத்தோடு செய்யப்பட்டன; அங்கு அந்நுட்பத்திற்கு மாற்று இல்லை. ஆகவே, அமைப்பால் பொறுக்கத்தக்க பிழை, செய்நேர்த்தியால் மட்டுமே நீக்கத்தக்க பிழை என இருவகை உண்டு. எந்தப் பிழை எந்த வகையைச் சார்ந்தது என்று இனங்காண்பதே இவ்வரலாற்றில் தேர்ந்த அறிவாக விளங்கியது. ஸ்டார்க்வெதர் முகங்களின் சாய்வை முதல் வகையில் சேர்த்தார். அதனால் விலையுயர்ந்த ஒரு பட்டறைச் சிக்கல், மலிவான ஒரு வில்லைச் சிக்கலாயிற்று.

இவ்வேறுபாட்டிற்கு வரலாற்றெழுதியல் சார்ந்த பயனும் உண்டு. துல்லியத்தின் வரலாற்றைப் பட்டறையின் வரலாறாக மட்டும் எழுதினால், பெரும் பட்டறைகளும் பெரும் முதலும் இருந்த இடங்களே அதில் தோன்றும். அமைப்பின் வரலாறாகவும் எழுதினால், குறைவுடைய கருவியிலிருந்து நிறைவான விடையைப் பெற்ற சிந்தனையும் அதில் இடம்பெறும். எளிய கருவிகளோடு பணியாற்றும் கல்லூரி ஆய்வகங்களுக்கு இரண்டாம் வரலாறே அணுக்கமானது.

10. முடிவுரை

சுழலாடி 1834இல் ஒரு கடிகாரமாகத் தொடங்கியது. மைக்கெல்சன் கையில் எண்ணும் கருவியாயிற்று. தொலைக்காட்சியிலும் அச்சுப்பொறியிலும் எழுதுகோலாயிற்று. லேசரின் உள்ளும் நிலவுத் தொலைவாய்விலும் வாயிலாயிற்று. இம்மாற்றங்களினூடே அதன் வேகம் பெரிதும் உயரவில்லை. நிலவாய்வில் குறையவே செய்தது. உயர்ந்தது, ஆடியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்ற தெளிவே. குழியாடி, எண்கோண வடிவம், கூரைப் பட்டகம், உருளை வில்லை, பகுதிப் பூச்சிட்ட தட்டு ஆகிய ஐந்தும் அத்தெளிவின் பருப்பொருள் வடிவங்கள். லேசர் வந்தபோது அதன் கற்றையைத் திருப்ப ஒரு கருவி ஆயத்தமாக இருந்தது என்பதைவிட, அக்கருவியின் குறைகளோடு வாழக் கற்றுக்கொண்ட ஒரு மரபு ஆயத்தமாக இருந்தது என்பதே பொருத்தமான கூற்றாகும்.